எல்லை மாறிப் பிறந்த இரு தளபதிகள்

1965 ஏப்ரலில், கட்ச் ரண் பகுதியில் இந்திய, பாகிஸ்தான் தரைப்படைகள் மோதிக்கொண்டிருந்த நாட்களில், பாகிஸ்தானிலிருந்து டெல்லிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் பாகிஸ்தான் விமானப்படைத் தலைவர் ஏர் மார்ஷல் அஸ்கர் கான். எடுத்தவர் இந்திய விமானப்படைத் தலைவர் ஏர் மார்ஷல் அர்ஜன் சிங். ஒருவரை மற்றவருக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை. 18 ஆண்டுகளுக்கு முன்புவரை இருவரும் ஒரே படையில், ஒரே சீருடையில் பணியாற்றியவர்கள். இந்தச் சண்டைக்குள் நம் விமானங்கள் வர வேண்டாம் என்பதுதான் பேச்சின் சாரம். கட்ச் மோதல் தணியும்வரை இரு தரப்புப் போர் விமானங்களும் அதில் இறங்கவில்லை.

எதிரெதிர் நாடுகளின் தளபதிகள் தொலைபேசியில் பேசி ஒரு சண்டையின் வரம்பைக் குறித்துக்கொண்டது இத்துணைக்கண்டத்தின் போர் வரலாற்றில் மிக அரிய காட்சி. அதன் இரு முனைகளிலும் இருந்தவர்களின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு அந்தக் காட்சியிலிருந்துதான் பிறந்தது. ஒழுங்கான போர்வீரர், கலகக்கார அரசியல்வாதி என்று இருவரையும் இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிடுவது வழக்கம். பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை இடம் மாறிக் கிடக்கின்றன.

பிறப்பிலிருந்தே அந்த இடமாற்றம் தொடங்குகிறது. இந்திய விமானப்படையின் ஒரே மார்ஷலான அர்ஜன் சிங் 1919இல் பிறந்த லயல்பூர் இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என்ற பெயரில் இருக்கிறது. பாகிஸ்தான் விமானப்படைக்குத் தலைமையேற்ற முதல் பாகிஸ்தானியரான அஸ்கர் கான் 1921இல் பிறந்த ஜம்மு இன்று இந்தியாவில் இருக்கிறது. ஒருவர் படித்தது லாகூர் அரசுக் கல்லூரியில். மற்றவர் படித்தது டேராடூன் ராணுவக் கல்லூரியில். பிரிவினைக் கோடு இருவரையும் அவரவர் பிள்ளைப் பருவத்திலிருந்து வெட்டி எடுத்து மறுபக்கம் நட்டுவிட்டது.

இருவருக்கும் பின்னால் குதிரைகள் உண்டு. அர்ஜன் சிங்கின் முன்னோர் கைட்ஸ் குதிரைப்படையில் பணியாற்றியவர்கள். தந்தை ஹாட்சன் குதிரைப்படையில் இருந்தவர். அஸ்கர் கானின் தந்தை காஷ்மீர் சமஸ்தானப் படையின் பிரிகேடியர்; அஸ்கர் கானே முதலில் அதிகாரியானது டெக்கான் குதிரைப்படையில்தான், விமானத்துக்கு வந்தது அடுத்த ஆண்டில். அர்ஜன் சிங் நேரே இங்கிலாந்தின் கிரான்வெல் விமானக் கல்லூரிக்குப் போனார். அஸ்கர் கான் டேராடூனில் தரைப்படை அதிகாரியாகி, பிறகு விமானத்துக்குத் தாவினார். வந்த வழி வேறென்றாலும், குதிரைக் குடும்பத்துப் பிள்ளைகள் வானத்துக்கு ஏறிய தலைமுறையின் ஆட்கள் இருவரும்.

இனி இருவரின் இளமையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1942இல் சிந்து மாகாணத்தில் பீர் பகாரோவைப் பின்பற்றிய ஹூர் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அங்கே ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அந்த மக்களின் கூட்டம் ஒன்று நகர்ந்துகொண்டிருப்பதாகவும், அதை வானிலிருந்து சுட்டுச் சிதறடிக்க வேண்டும் என்றும் இளம் அதிகாரி அஸ்கர் கானுக்கு உத்தரவு வந்தது. வயது 21. விமானங்களோடு போனார், கூட்டத்தைக் கண்டுபிடித்தார், தாழ இறங்கிப் பார்த்தார். கீழே தெரிந்தது போர்ப்படை அல்ல. ஆயுதம் இல்லாத ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் தளத்துக்குத் திரும்பினார். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவை நிறைவேற்ற முடியாது என்று மேலதிகாரியிடம் சொன்னார். பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

அர்ஜன் சிங்கும் வானிலிருந்து தாழ இறங்கினார், வேறொரு காரணத்துக்காக. 1945 பிப்ரவரி. இடம் நமக்குப் பக்கத்துக் கண்ணூர். அங்குள்ள கன்டோன்மென்ட் குடியிருப்பின் மீது மிகத் தாழ்வாகப் பறந்தார் என்று அவர் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பயிற்சி விமானி ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காக அப்படிப் பறந்ததாக அவர் வாதிட்டார். பின்னாளில் விமானப்படைத் தலைவரான தில்பாக் சிங்தான் அந்தப் பயிற்சி விமானி என்று சொல்வார்கள். விசாரணையைச் சந்தித்தபோது அர்ஜன் சிங்கின் நெஞ்சில் போர் விருது இருந்தது. முந்தைய ஆண்டுதான் மவுன்ட்பேட்டன் இம்பால் களத்துக்கே வந்து அதைக் குத்திவிட்டுப் போயிருந்தார்.

ஒழுக்கத்தின் உருவம் என்று இந்தியா கொண்டாடும் மனிதர் விதியை மீறியதற்காக விசாரணைக் கூண்டில் நின்றவர். கலகக்காரர் என்று பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் முத்திரை குத்திய மனிதர் சட்டத்தின் பெயரைச் சொல்லி மறுத்தவர். அர்ஜன் சிங்கின் மீறல் பாசத்தில் பிறந்தது. இளைய விமானியின் பயத்தை விரட்ட ஒரு மூத்தவர் காட்டிய துணிச்சல். அஸ்கர் கானின் மீறல் மனசாட்சியில் பிறந்தது. அதற்குத் துணிச்சலோடு தர்க்கமும் தேவைப்பட்டது. இந்தத் தர்க்கத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை. அவர் பிற்காலத்தில் பட்ட பாடெல்லாம் ஒருவகையில் அந்தச் சிந்து வானத்திலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

பர்மா போர்முனையை விரைவாகக் கடந்துவிடலாம். இருவரும் ஹரிகேன் போர் விமானம் ஓட்டினார்கள். அர்ஜன் சிங் இம்பாலில் ஒன்றாம் ஸ்குவாட்ரனை நடத்தினார். அஸ்கர் கான் பர்மாவில் ஒன்பதாம் ஸ்குவாட்ரனை நடத்தினார். இருவரும் இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள்.

பிரிவினைக் கணக்குதான் கவனிக்கத்தக்கது. ஒன்பதாம் ஸ்குவாட்ரன் பாகிஸ்தான் பங்குக்குப் போனது. அஸ்கர் கானும் பாகிஸ்தானுக்குப் போனதால் அதில் வியப்பில்லை. ஒன்றாம் ஸ்குவாட்ரனோ பிரிவினையின்போது பெஷாவரில் இருந்தது. அதன் விமானங்களும் தளவாடங்களும் பாகிஸ்தானுக்குச் சேர்ந்தன. 1953இல் வேறொரு ஸ்குவாட்ரனின் எண்ணை மாற்றித்தான் இந்தியா ஒன்றாம் ஸ்குவாட்ரனை மீண்டும் உண்டாக்கியது. ஆக இருவரும் போரில் நடத்திய படைப்பிரிவுகளின் உடைமைகள் எல்லையின் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தன. அதே நேரத்தில் அம்பாலாவில் இதற்கு நேர்மாறான கதை நடந்தது. 1947இல் அம்பாலா விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் அஸ்கர் கான். விடுதலைக்குப் பின் அம்பாலா தளத்தின் தலைமைப் பொறுப்பு அர்ஜன் சிங்குக்கு வந்தது. ஒருவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஓடுதளத்துக்கு மற்றவர் காவலரானார்.

அந்த ஆகஸ்டில் இருவரும் செய்த வேலைகளையும் பாருங்கள். அர்ஜன் சிங் செங்கோட்டைக்கு மேலே நூற்றுக்கும் அதிகமான விமானங்களின் அணிவகுப்பை முன்னின்று நடத்தினார். அஸ்கர் கான் அதே விமானங்களையும் ஆட்களையும் இரு நாடுகளுக்கிடையே பிரிக்கும் துணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். பொதுச் சொத்தை ஒருவர் கடைசி முறையாக ஊருக்குக் காட்டினார். மற்றவர் அதைப் பங்கு போட்டார்.

பிறகு அஸ்கர் கானின் ஏற்றம் மின்னல் வேகம். ரிசால்பூரில் பாகிஸ்தான் விமானப்படைக் கல்லூரியின் முதல் தலைவர். 1948 ஏப்ரலில் அங்கு வந்த ஜின்னாவை வரவேற்றவர் அவர். 1957இல், 36 வயதில், படையின் தலைவர். அர்ஜன் சிங்குக்கு அந்த நாற்காலி 1964 ஆகஸ்டில், 45 வயதில் வந்தது. அஸ்கர் கான் எட்டு ஆண்டுகள் அதில் இருந்தார். அர்ஜன் சிங் ஐந்து ஆண்டுகள். புதிய நாட்டில் மூத்தவர்கள் குறைவு என்பதால் இளையவருக்குப் படிகள் சீக்கிரம் கிடைத்தன. நீண்ட வரிசை கொண்ட படையில் மூத்தவர் காத்திருக்க வேண்டியிருந்தது. தனித்திறமைக்கு இந்த வேறுபாட்டில் பங்கில்லை என்றே நினைக்கிறேன்.

இனி 1965. தொலைபேசியில் பேசிய இருவரும் செப்டம்பரில் நேருக்கு நேர் மோதவில்லை. ஜூலை 23ஆம் தேதி அஸ்கர் கான் ஓய்வு பெற்று, பொறுப்பை நூர் கானிடம் ஒப்படைத்தார். ஆறு வாரத்தில் போர் வெடித்தது. காஷ்மீரில் தரைப்படை தீட்டியிருந்த திட்டத்தைப் பற்றி நூர் கானிடமே முறையாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. தான் எட்டு ஆண்டுகள் வளர்த்த படை போருக்குப் போனபோது அஸ்கர் கான் சீருடையில் இல்லை. சீனா, இந்தோனேசியா, துருக்கி, ஈரான் என்று உதவி கேட்டுப் பறந்துகொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயர் ‘முதல் சுற்று’ என்ற பொருள் தருவது.

டெல்லியில் அர்ஜன் சிங்குக்கு அந்த நாற்காலி அனலாகக் கொதித்தது. செப்டம்பர் 1 மாலை. சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே வந்துவிட்டன. எவ்வளவு நேரத்தில் விமானங்கள் புறப்படும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவாண் கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள் என்றார் அர்ஜன் சிங். 26 நிமிடத்தில் முதல் விமானங்கள் பதான்கோட்டை விட்டு எழுந்துவிட்டன என்று இந்திய விமானப்படை இன்றும் பெருமையோடு சொல்லும். அந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். முதலில் போன 12 வாம்பயர் விமானங்களில் நான்கு திரும்பவில்லை. பழைய வாம்பயர்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு ஈடில்லை என்று தெரிந்து, உடனே போர்முனையிலிருந்து விலக்கப்பட்டன. அர்ஜன் சிங் கையில் கிடைத்ததை வைத்து உடனடியாகச் செயல்பட்டார். அதற்கான விலையை இளம் விமானிகள் கொடுத்தார்கள். அந்த மாலையில் தாமதம் செய்திருந்தால் விலை வேறு இடத்தில் கூடியிருக்கும் என்பதால், அவர் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். எளிதான முடிவு என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

ஏப்ரல் தொலைபேசிப் பேச்சை இங்கே மீண்டும் எடுத்து எடைபோட வேண்டும். அஸ்கர் கானின் நிதானம் பலவீனமா? அப்படிப் பேசியவர்கள் அவர் நாட்டில் உண்டு. செப்டம்பரில் அர்ஜன் சிங் காட்டிய வேகம் அந்த நிதானத்துக்கு எதிரானதா? இல்லை. வானத்தில் ஒரு விமானம் வந்துவிட்டால் சண்டையின் அளவு மாறிவிடும் என்பதை இருவரும் பர்மாவில் கண்ணால் பார்த்தவர்கள். ஏப்ரலில் அது தேவையில்லை என்று இருவரும் கண்டார்கள். செப்டம்பரில் தேவை என்று ஒருவர் கண்டார். இரண்டும் ஒரே படிப்பின் பாடங்கள்.

ஓய்வுக்குப் பிறகுதான் பாதைகள் உண்மையாகப் பிரிகின்றன. அர்ஜன் சிங் 1969இல், 50 வயதில் விடைபெற்றார். அதற்குள் இந்திய விமானப்படையின் முதல் ஏர் சீஃப் மார்ஷல் ஆகியிருந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வகை விமானங்களை ஓட்டியிருந்தார். சுவிட்சர்லாந்துக்குத் தூதர், கென்யாவுக்கு ஹை கமிஷனர், டெல்லியின் துணைநிலை ஆளுநர் என்று அரசு அழைத்த இடங்களுக்குப் போனார். கட்சி மேடை எதிலும் ஏறவில்லை. தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினருக்காக ரூ.2 கோடியில் ஓர் அறக்கட்டளை வைத்தார்.

அஸ்கர் கான் முதலில் பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்தின் தலைவரானார். அந்த ஆண்டுகளில்தான் அதன் பணிப்பெண்களுக்கு பியர் கார்டின் வடிவமைத்த சீருடை வந்தது. பிறகு 1968இல் அதிபர் அயூப் கானை எதிர்த்து அரசியலில் குதித்தார். 1969 ஜனவரியில், அரசு தந்த உயரிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். தெஹ்ரீக்-இ-இஸ்திக்லால் கட்சியை நிறுவினார். கிழக்குப் பாகிஸ்தானில் தேர்தலில் வென்ற முஜிபுர் ரகுமானிடம் ஆட்சியைக் கொடுங்கள், ராணுவத்தை ஏவாதீர்கள் என்று மேற்குப் பாகிஸ்தானிலேயே சொன்ன மிகச் சிலரில் அவர் ஒருவர். ஒரு தேர்தலிலும் பெரிய வெற்றி அவர் கட்சிக்குக் கிட்டவில்லை. பின்னாளில் பிரதமரான நவாஸ் ஷெரீப் அரசியலில் தொடக்கக் காலத்தில் இருந்தது அவருடைய கட்சியில்தான்.

1977இல் அவர் படை அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சட்டப்படியான உத்தரவுக்கும் சட்டவிரோத உத்தரவுக்கும் வேறுபாடு தெரிந்து நடந்துகொள்வது அதிகாரியின் கடமை என்பது அதன் பொருள். 1942இன் அதே குரல், 35 ஆண்டுகள் கழித்து. அன்றைய பிரதமர் புட்டோவின் ஆதரவாளர்கள் இதை வேறுவிதமாகப் படித்தார்கள். ராணுவத்தை ஆட்சிக்கு அழைக்கும் கடிதம் என்றார்கள். ஜூலையில் தரைப்படைத் தலைவர் ஜியா ஆட்சியைப் பிடித்தார். 1979இலிருந்து ஐந்து ஆண்டுகள் அஸ்கர் கானை அபோட்டாபாத் வீட்டிலேயே அடைத்துவைத்தவரும் அதே ஜியாதான்.

ஒப்பிடுபவன் இங்கே இருவருக்கும் ஒரு கடினமான கேள்வி போட வேண்டும். அஸ்கர் கானுக்கு: 1958 அக்டோபரில் அயூப் கான் ஆட்சியைக் கவிழ்த்தபோது விமானப்படைத் தலைவர் நீங்கள்தானே? சட்டவிரோத உத்தரவு பற்றிய அந்தத் தர்க்கம் அப்போது எங்கே போனது? ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்த ஆட்சியின்கீழ்ப் பணியாற்றியிருக்கிறீர்களே? இந்தக் கேள்வி அவருடைய பெருமையைக் குறைக்கத்தான் செய்கிறது. பின்னாளில் அவர் காட்டிய பிடிவாதத்தில், அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லித் தீர்க்கும் அவசரமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அர்ஜன் சிங்குக்கு: நீங்கள் அரசியலுக்கு வராதது உங்கள் குணமா, உங்கள் நாட்டின் அமைப்பா? அவர் தலைவராக இருந்தபோது சாஸ்திரியின் அமைச்சரவை முடிவெடுத்தது, சவாண் கேட்டார், அவர் பதில் சொன்னார். பிரதமர் இறந்தபோது இன்னொரு பிரதமர் வந்தார். மனசாட்சியை உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்படியான ஓர் உத்தரவு அவருக்கு வரவே இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதற்குக் கண்ணூர் நிகழ்ச்சி மட்டும் ஒரு சின்னக் குறிப்பு தருகிறது: விதியைவிட ஆள் முக்கியம் என்று நினைக்கத் தெரிந்தவர் அவர். அவருடைய பிற்கால அமைதியில் பாதி அவருடையது; மீதிப் பாதி, ஆட்சி மாறினாலும் முறை மாறாத ஒரு குடியரசு அவருக்குக் கொடுத்தது. அஸ்கர் கானின் கொந்தளிப்புக்கும் இதே கணக்கு பொருந்தும்.

அஸ்கர் கான் கடைசியில் ஒதுங்கிய இடம் நீதிமன்றம். 1990 தேர்தலில் உளவுத்துறை வழியாக அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று 1996இல் உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். ரூ.14 கோடி கைமாறிய விவகாரம் அது. தீர்ப்பு 2012 அக்டோபரில் வந்தது. தேர்தலில் தில்லுமுல்லு நடந்தது உண்மை என்றும், முன்னாள் தரைப்படைத் தலைவரும் முன்னாள் உளவுத்துறைத் தலைவரும் அதற்குப் பொறுப்பு என்றும் நீதிமன்றம் சொன்னது. மனுப்போட்டபோது அவருக்கு வயது 75; தீர்ப்பைக் கேட்டபோது 91.

அர்ஜன் சிங்கின் முதுமையில் எல்லோர் நினைவிலும் நிற்கும் காட்சி 2015 ஜூலையில் பாலம் விமான நிலையத்தில் நிகழ்ந்தது. அப்துல் கலாமின் உடல் அங்கே வைக்கப்பட்டிருந்தது. சக்கர நாற்காலியில் அழைத்துவரப்பட்டார் 96 வயது அர்ஜன் சிங். நாற்காலியில் அமர்ந்தபடியே வணங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்தார். நிமிர முடிந்த அளவு நிமிர்ந்து, கையை நெற்றிக்கு உயர்த்திச் சல்யூட் வைத்தார். விமானியாக ஆசைப்பட்டு, டேராடூனில் நடந்த தேர்வில் ஓர் இடம் தள்ளி வந்ததால் வாய்ப்பை இழந்த ராமேஸ்வரத்து மனிதருக்கு, இந்திய விமானப்படையின் மிக மூத்த விமானி வைத்த சல்யூட் அது. மார்ஷல் பதவிக்கு ஓய்வு கிடையாது. 2002இல் அந்தப் பதவியைப் பெற்ற அர்ஜன் சிங் சாகும்வரை பணியில் இருந்தவராகவே கருதப்பட்டார். அஸ்கர் கானோ 44 வயதில் சீருடையைக் கழற்றியவர். ஒருவருக்குச் சீருடை மீண்டும் வந்தது. மற்றவருக்கு அது இல்லாத வாழ்க்கை 52 ஆண்டுகள் நீண்டது.

ஆனாலும் இரு படைகளும் ஒரே மாதிரி நினைத்தன. 2016இல் மேற்கு வங்கத்தின் பானாகர் தளத்துக்கு அர்ஜன் சிங்கின் பெயர் வந்தது. 2017இல் ரிசால்பூர் விமானப்படைக் கல்லூரிக்கு அஸ்கர் கானின் பெயர் வந்தது. இரண்டும் அவர்கள் கண்முன்னே நடந்தவை. ரிசால்பூர் என்றால் குதிரைப்படையூர் என்று பொருள். டெக்கான் குதிரைப்படைக்காரருக்குப் பொருந்துகிற ஊர்தான். அதே வடமேற்கு எல்லைப்புற வானத்தில்தான் அர்ஜன் சிங் தன் முதல் போர்ப் பறத்தல்களைச் செய்தார். தரையிலிருந்து வந்த குண்டுக்கு விமானம் பழுதாகி ஓர் ஓடையில் இறங்கினார்.

2017 செப்டம்பர் 16ஆம் தேதி டெல்லியில் அர்ஜன் சிங் மறைந்தார், வயது 98. நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2018 ஜனவரி 5ஆம் தேதி ராவல்பிண்டியில் அஸ்கர் கான் மறைந்தார், 97ஆம் பிறந்தநாளுக்கு 12 நாள் முன்னால். இருவருக்கும் அரசு மரியாதை. லயல்பூர்க்காரருக்கு டெல்லியில் சிதை மூட்டினார்கள். ஜம்முக்காரரை அபோட்டாபாத்தில் அடக்கம் செய்தார்கள். அதற்கு முன் ராவல்பிண்டி விமானத்தளத்தில் வைத்து அவருக்கு இறுதித் தொழுகை நடந்தது. அவரிடமிருந்து படையை வாங்கிக்கொண்டு, ஆறு வாரத்தில் அர்ஜன் சிங்கோடு போரிட நேர்ந்த நூர் கானின் பெயரைத்தான் அந்தத் தளம் தாங்கி நிற்கிறது.